ஏழாவது குழி விவகாரம்

எங்கள் பிட்ஹேவன் பொதுக் கோல்ஃப் மைதானத்தில் பந்தைத் தொலைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கடலில் போடலாம், முட்புதரில் போடலாம், பக்கத்து மீன் கொட்டகையின் கூரைமேல்கூடப் போடலாம். நூற்று நாற்பது வருடங்களாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். குழிக்குள் போட்டால்தான் சிக்கல். அதையும் ஒரே அடியில் போட்டால் என்ன ஆகும் என்பது இன்னஸ் மெல்ட்ரமுக்கு நடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்ன ஊரின் நகர மன்றத்தில் நான் குறிப்பு எழுதுகிறவன். கூட்டங்களில் பெரியவர்கள் பேசுவதை எழுதி, அதில் பேசியிருக்கக் கூடாததை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கோப்பில் வைப்பது என் வேலை. மிச்சம் பெரும்பாலும் அரைப் பக்கம் தேறும். இது நீக்கிய பகுதி.

இன்னஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். ரொட்டிக்கடை வண்டி ஓட்டுகிறான். ஐம்பத்தேழு வயது. வாரத்தில் ஐந்து நாள் ஊருக்கு முன்னால் எழுந்து ஊருக்கு ரொட்டி போடுவான். ஞாயிற்றுக்கிழமை மனைவி ஐலின் சொன்னதைச் செய்வான். சனிக்கிழமை காலை எட்டு மணி மட்டும் அவனுடையது. முப்பத்து மூன்று வருடமாக அந்த நேரத்துக்கு அவன் கோல்ஃப் ஆடுகிறான். நன்றாக ஆடுகிறான் என்று அவனே சொல்ல மாட்டான். ஐலினுக்கு கோல்ஃப் பிடிக்காது. அவளுடைய அக்கா செங்காவுக்கு கோல்ஃப் தவிர வேறெதுவும் பிடிக்காது. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைக்கிறவள். இன்னஸும் செங்காவும்தான் ஜோடி.

முன்பெல்லாம் மைதானத்துக்குள் போவது எளிது. புல் வெட்டுகிற டோடி, குடிசை ஜன்னலைத் திறந்து, "போங்க, காத்து கெட்டுக் கிடக்கு" என்பார். அவ்வளவுதான். போன வருடம் நகர மன்றம் 'ஆட்ட அனுபவ மேம்பாட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்தது. அதற்கு அலுவலகம் வந்தது, அதிகாரி வந்தார், பிறகு பலகைகள் வந்தன. இப்போது மைதானத்தில் கொடிகளைவிடப் பலகைகள் அதிகம். 'தாமதம் அநாகரிகம்' என்று ஒன்று. அதைப் படிக்க நிற்கிறவர்களால் தாமதமாகிறது என்று 'பலகை அருகே நிற்காதீர்' என்று இன்னொன்று.

அந்த மே மாதச் சனிக்கிழமை குடிசை ஜன்னலுக்குப் பின்னால் டோடி இல்லை. ஆட்ட அனுபவ அதிகாரி ஃபெனெல்லா பிரிங்கிள் கையில் கணினிப் பலகையோடு நின்றிருந்தார். முப்பது வயது, இஸ்திரி போட்ட புன்னகை.

"வணக்கம் மிஸ்டர் மெல்ட்ரம். இன்னைக்கு உங்க ஆட்டத்தோட நோக்கம் என்ன?"

இன்னஸ் யோசித்தான். "பந்தை அடிக்கிறது."

"அது செயல். நான் கேட்டது நோக்கம்."

"அப்புறம் அதைத் தேடுறது."

"எனக்கு வீட்ல இல்லாம இருக்கிறது," என்றாள் செங்கா. "எழுதிக்கோம்மா."

ஃபெனெல்லா இருவர் பெயருக்கும் எதிரே 'மன நலம்' என்று பதிந்துகொண்டு கதவைத் திறந்தார்.

ஏழாவது குழி வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. இன்னஸ் இரண்டு பந்துகளைத் தொலைத்தான், ஒன்றைக் கண்டெடுத்தான். அதுவும் வேறு யாருடையதோ. ஏழாவது குழி நூற்று நாற்பது கஜம். இடப்பக்கம் முட்புதர், வலப்பக்கம் கடல், நடுவில் காற்று. செங்கா முதலில் அடித்தாள். பந்து நேராகக் கடலுக்குப் போனது. இன்னொன்றையும் அனுப்பிவிட்டு, "இந்தக் குழி எனக்கு வேண்டாம்" என்று மட்டையைப் பையில் சொருகினாள்.

இன்னஸ் அடித்தான். பந்து கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாகப் போய், காற்றைக் கண்டதும் புத்தி மாறி, கடல் பக்கம் திரும்பியது. போகிற வழியில் 'தாமதம் அநாகரிகம்' பலகையின் விளிம்பில் டங்கென்று மோதி, புல்தரைக்குத் திரும்பிக் குதித்து, எதையோ மறந்துவிட்டு வந்தவன்போல மெதுவாக உருண்டு, காணாமல் போனது.

இருவரும் போய்த் தேடினார்கள். இன்னஸ் புல்தரைக்குப் பின்னால் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். செங்கா குழியில் நட்டிருந்த கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"இன்னஸ்."

"என்ன, கடல்லயா?"

"இங்க வா."

"புதருக்குள்ளயா?"

"அடேய், வந்து பாருடா!"

இன்னஸ் வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். மறுபடியும் பார்த்தான். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். செங்கா அவனைக் கட்டிப்பிடித்தாள். அதற்கு முன் அவள் அவனைக் கட்டிப்பிடித்தது அவனுடைய கல்யாணத்தன்று, அதுவும் அனுதாபத்தில்.

"முப்பத்து மூணு வருஷம் செங்கா," என்றான்.

"அழாதடா. ஈரப் புல்லுல உட்காராதே, எந்திரி. பந்தை எடு."

அவன் மண்டியிட்டுக் கையை நீட்டினான். விரல் நுனிக்கும் பந்துக்கும் இடையில் ஓர் அங்குலம் இருந்திருக்கும்.

"தொடாதீங்க!"

ஃபெனெல்லா சின்ன மின்சார வண்டி ஒன்றில் மேடேறி வந்துகொண்டிருந்தார்.

"ஏன், சுடுமா?" என்றாள் செங்கா.

"அசாதாரண நிகழ்வு ஏதாவது நடந்தா, சரிபார்ப்பு முடியுற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாது. நடைமுறை பதினாலு."

நடைமுறை பதினான்கைத் தட்டச்சு செய்தவன் நான். மூன்றாவது குழியருகே ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியபோது, ஊர்க்காரர்கள் அதன்மேல் ஏறிப் படம் எடுப்பதைத் தடுக்க எழுதியது. 'திமிங்கிலம்' என்ற சொல்லைச் சேர்க்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"சரிம்மா, நீங்க சரிபாருங்க," என்றான் இன்னஸ். "நான் வேற பந்து வச்சு எட்டாவதுக்குப் போறேன்."

"ஏழாவது முடியலையே. பந்தைக் குழியிலேருந்து எடுத்தாத்தான் முடிஞ்சதா எங்க கணினி ஏத்துக்கும்."

"அப்ப எடுக்கவா?"

"எடுக்கக் கூடாது."

"அப்ப வீட்டுக்குப் போயிட்டு அடுத்த சனிக்கிழமை முதல்லேருந்து ஆடுறேன்."

ஃபெனெல்லாவின் புன்னகை முதல் தடவையாகக் கொஞ்சம் கசங்கியது. "ஒரு ஆட்டம் திறந்திருக்கும்போது இன்னொண்ணு தொடங்க முடியாது மிஸ்டர் மெல்ட்ரம். உங்க ஆட்டம் திறந்திருக்கு."

அவர் குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டு மஞ்சள் நாடா கட்டினார். ஒன்பதரை மணிக்கே இன்னஸ் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து ஐலின் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டாள். விஷயம் தெரிந்ததும் படிக்கட்டுச் சுவரில் ஒட்ட வாங்கி வைத்திருந்த அலங்காரக் காகிதச் சுருளை எடுத்து வந்து, ஒட்டச் சொல்லிக் கையில் கொடுத்தாள்.

புதன்கிழமை சரிபார்ப்பு. குழுத் தலைவர் கவுன்சிலர் மர்டோ ஸ்ட்ராக்கனே நேரில் வந்தார். மரக்கடைக்காரர். ஜன்னல் முதல் சவப்பெட்டி வரை அவரிடம்தான் வாங்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு ஊர்க் கோப்பையை வென்றவர். அந்தக் கோப்பை அவருடைய அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அதற்கென்று தனி விளக்கோடு. அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார். நேராகப் பலகையிடம் போய் அதைத் தட்டிக்கொடுத்தார்.

"இந்தப் பலகையை இங்க வைக்கச் சொன்னது யாரு? நான். பலகை இல்லேன்னா பந்து எங்க போயிருக்கும்? கடலுக்கு. ஆக, இந்த அடியில பாதி நகர மன்றத்தோடது."

"பாதி அடின்னு அட்டையில எப்படி எழுதுறது சார்?" என்று இன்னஸ் உண்மையாகவே கேட்டான்.

"அதுக்கு ஒரு படிவம் வரும்."

ஃபெனெல்லா அளவுகோலோடு குழியின் மேல் குனிந்தார். பந்து அசையாமல் வாயை மட்டும் அளந்தார். இன்னொரு முறை அளந்தார். பிறகு எழுந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார்.

"அரை அங்குலம் அதிகமா?" தலைவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். "டோடி! இந்தக் குழி ஏன் பெரிசா இருக்கு?"

டோடி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமல் வந்தார். பிறகு நிறுத்தினார்.

"குழி வெட்டுற கருவி உடைஞ்சு போச்சுங்க. புதுசு வேணும்னு மனு போட்டிருக்கேன்."

"எப்போ?"

"பதினோரு வருஷம் ஆச்சு. அது வர்ற வரைக்கும் ஒரு சாக்கடைக் குழாய்த் துண்டை வச்சுத்தான் வெட்டிக்கிட்டு இருக்கேன். நல்ல குழாய். துருப்பிடிக்கல."

ஃபெனெல்லாவின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது குழியே இல்லை சார். விதிப்படி பார்த்தா இது ஒரு பள்ளம். பந்து குழிக்குள்ள விழலை, பள்ளத்துல கிடக்கு. அசாதாரணம் எதுவும் நடக்கலை. ஃபைலை மூடிடலாம்."

"பிரமாதம்," என்றார் தலைவர்.

"எல்லாக் குழியும் அதே குழாய்தாங்க," என்றார் டோடி. "பதினெட்டும்."

செங்கா விரல்விட்டு எண்ணினாள். "பதினோரு வருஷம். அப்ப நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கோப்பை ஜெயிச்சீங்களே கவுன்சிலர், அது பதினெட்டுப் பள்ளத்துலயா?"

தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு இந்த விஷயத்தை ஆழமாக ஆராய வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஆழமாக ஆராய்ந்தார்கள். நான்கு கூட்டங்கள். நகர மன்றத்தில் பன்னும் தேநீரும் அந்த மாதம்போல என்றைக்கும் தீர்ந்ததில்லை. முதல் கூட்டத்தில், குழி என்பது அளவா அல்லது எண்ணமா என்று தலைவர் கேட்டார். இரண்டாவதில், எண்ணம் என்று ஏகமனதாக முடிவானது. மூன்றாவதில், எண்ணமாக இருந்தால் இன்னஸின் அடியும் செல்லுமே என்று ஃபெனெல்லா நினைவூட்ட, முந்தைய முடிவை ரத்து செய்தார்கள். தலைவருக்கு வேண்டியது சுலபமானதுதான். நாலு வருடத்துக்கு முன்பு குழி சரியான அளவில் இருந்திருக்க வேண்டும், அந்தச் சனிக்கிழமை மட்டும் பெரிதாக இருந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து மண் நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு நாள் தங்கி, முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'பந்து விழுந்த வேகத்தில் குழி விரிந்திருப்பதற்கான சாத்தியத்தை முற்றிலும் மறுப்பதற்கில்லை.'

நாலாவது கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இன்னஸுக்குக் கடிதம் போனது. எழுதியது நான்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். 'பந்தின் மூலம் நகர மன்றக் குழி ஒன்றுக்குச் சேதம் விளைவித்தது தொடர்பாக' அவன் வந்து விளக்கம் அளிக்க வேண்டும்.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். கையில் சுவர்க்காகிதப் பசை காய்ந்திருந்தது.

"என்னடா இது? உருண்டு போய் விழுந்த பந்துடா. நத்தை மாதிரி உருண்டுது."

"தெரியும்டா."

"நீயே எழுதியிருக்கே?"

"என் வேலைடா அது."

அவன் கடிதத்தை மடித்தான். "ஊர்ல எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுறாங்க. பலகையைப் பத்திப் பேசுறாங்க, குழாயைப் பத்திப் பேசுறாங்க. ரொட்டி கொடுக்கப் போற வீட்லகூடக் குழி எத்தனை அங்குலம்னுதான் கேக்குறாங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டு மணிக்கு வேலிக்கு வெளியே நின்னு பாத்துட்டு வரேன். உள்ளதானே இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. சில நேரம் நான்தான் அடிச்சேனான்னே சந்தேகமா இருக்குடா."

தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

விசாரணை நகர மன்றக் கூடத்தில் நடந்தது. இன்னஸ் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், பொத்தான் போட முடியவில்லை. பக்கத்தில் செங்கா. தலைவர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நான் புது ஏடு எடுப்பேன்.

"நண்பர்களே, முப்பது வருஷமா நான் பொது வாழ்க்கையில இருக்கேன். இந்த மைதானத்தை எதுலேருந்து காப்பாத்தப் பாடுபடுறேன் தெரியுமா? கடல்லேருந்து இல்லை. முயல்கள்லேருந்து இல்லை. ஆட்டக்காரங்ககிட்டேருந்து! அவங்க வர்றாங்க, புல்லை மிதிக்கிறாங்க, மண்ணைப் பேர்க்குறாங்க. யாரும் வராம இருந்தா இது எவ்வளவு அழகான மைதானம்! ஒரு அதிகாரி ராப்பகலா யோசிச்சு ஒரு நடைமுறை எழுதுறாரு. ஒரு ஆட்டக்காரர் வந்து ஒரே அடியில அதைக் கெடுத்துடுறாரு. மிஸ்டர் மெல்ட்ரம், உங்களுக்கு முப்பத்து மூணு வருஷ அனுபவம். பந்து குழிக்குள்ள போயிடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

"சத்தியமா தெரியாது சார்," என்றான் இன்னஸ். "இதுக்கு முன்னாடி போனதே இல்லை."

"முன் அனுபவம் இல்லாமல் செய்தார், எழுதிக்கோங்க," என்று என்னிடம் திரும்பினார் தலைவர்.

"நீங்க மட்டும் அனுபவத்தோடயா செய்றீங்க?" என்றாள் செங்கா. கூடத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"மிஸ்டர் மெல்ட்ரம், உங்க தரப்புல வேற ஏதாவது சொல்லணுமா?"

இன்னஸ் தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தான். "ஒண்ணே ஒண்ணுதான் சார். நான் என் பந்தை எடுத்துக்கிட்டு எட்டாவதுக்குப் போகலாமா?"

அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

அதோடு போயிருந்தால் இன்னஸின் சனிக்கிழமைகள் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் இதற்குள் இன்னொன்று நடந்தது. டோடியின் குழாய் விஷயம் வெளியே தெரிந்ததால், மற்ற பதினேழு குழிகளுக்கும் 'அளவு மறுஆய்வு' என்று மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். மைதானத்தில் ஆட்டமே இல்லை. ஜூன் மாத அறிக்கையை ஃபெனெல்லா குழுவில் வாசித்தார். புல் இத்தனை நன்றாக என்றும் இருந்ததில்லை. தாமதம் பற்றிய புகார்கள் பூஜ்யம். மண் சேதம் பூஜ்யம். தொலைந்த பந்து பற்றிய விசாரிப்புகள் பூஜ்யம். ஆட்ட அனுபவம் நூற்றுக்கு நூறு.

"நூத்துக்கு நூறுன்னு யாரு சொன்னது?" என்று நானே வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எதிர்த்து யாரும் சொல்லலை," என்றார் ஃபெனெல்லா.

தலைவரின் கண்ணில் ஈரம். இந்த மைதானம் இனி இப்படியே இருக்கட்டும் என்றார். 'பிட்ஹேவன் பாரம்பரிய கோல்ஃப் காட்சித் திடல்'. மக்கள் நடைபாதையில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஆட மட்டும் கூடாது. நடுநாயகமாக ஏழாவது குழி, அதற்குள் வரலாற்றுப் பந்து. தீர்மானம் நிறைவேறியது. இன்னஸ் மேலிருந்த சேதக் குற்றச்சாட்டை, திறப்பு விழாவில் அவன் மட்டையோடு குழிக்கருகே நின்று படத்துக்கு முகம் கொடுத்தால் கைவிடுவதாகவும் முடிவு செய்தார்கள்.

ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழா. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சந்தோஷத்தில் வந்தவர்கள் குறைவு. எட்டு வாரமாக அவர்களுக்கும் சனிக்கிழமை காலையில் போக இடமில்லை. நடைபாதை நெடுகக் கைகட்டி நின்றார்கள். ஏழாவது குழியருகே துணி மூடிய வெண்கலத் தகடு. தலைவர் துணியை இழுத்தார். அவருடைய பெயர், ஃபெனெல்லாவின் பெயர், மண் நிபுணரின் பெயர், பலகை நிறுவப்பட்ட தேதி எல்லாம் இருந்தன. அடித்தவன் பெயர் இல்லை. 'ஆட்டக்காரர் ஒருவர்' என்று இருந்தது.

இன்னஸ் அதைப் படித்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை. பெயருக்காக அலைகிறவன் இல்லை அவன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் குழிக்கு இனி எந்தச் சேதமும் வராது. நான் உறுதி கொடுக்கிறேன். என் காலத்துலயும் சரி, எனக்கப்புறமும் சரி, இதுக்குள்ள இனிமே ஒரு பந்துகூட விழாது!"

ஃபெனெல்லாவும் நிபுணரும் கைதட்டினார்கள்.

"அப்ப இது எதுக்கு சார் குழி?" என்றான் இன்னஸ்.

சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. தலைவர் வாயைத் திறந்தார். கடற்பறவை ஒன்று கத்தியது.

இன்னஸ் மட்டையைப் புல்லில் வைத்தான். மஞ்சள் நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனான். மண்டியிட்டான். கையைக் குழிக்குள் விட்டுப் பந்தை எடுத்தான். எட்டு வார மழையில் பந்து பச்சை பூத்திருந்தது. கல்யாணக் கோட்டில் அதைத் துடைத்தான்.

"மிஸ்டர் மெல்ட்ரம்!" ஃபெனெல்லாவின் குரல் உடைந்தது. "அதுக்கு ஒரு படிவம்..."

அவர் கையிலிருந்த கணினிப் பலகை டிங் என்றது. அவர் பார்த்தார். பழக்க தோஷத்தில் சத்தமாகவே வாசித்துவிட்டார்: "ஏழாவது குழி நிறைவடைந்தது. எட்டாவது குழிக்குச் செல்லவும். நீங்கள் தாமதமாக இருக்கிறீர்கள்." குழியின் அடியில் உணரி ஒன்றைப் புதைத்தது அவர்தான். அது பந்து எடுக்கப்படுவதற்காக எட்டு வாரமாகக் காத்திருந்தது.

"கேட்டியா? தாமதம் அநாகரிகம்," என்றாள் செங்கா. பையைத் தோளில் மாட்டினாள். "நடடா."

இருவரும் நடந்தார்கள். எட்டாவது குழியின் அடிமேடையில் இன்னஸ் கோட்டைக் கழற்றிச் செங்காவிடம் கொடுத்துவிட்டு, புதுப் பந்து ஒன்றை வைத்து அடித்தான். அது நேராக முட்புதருக்குள் போனது. நடைபாதையில் நின்றிருந்த அத்தனை பேரும் ஆரவாரித்தார்கள். எங்கள் மைதானத்தில் முட்புதருக்குப் போன பந்துக்கு அப்படியொரு கைதட்டல் கிடைத்ததே இல்லை. அதற்குள் சிலர் வாகனங்களின் பின்கதவைத் திறந்து மட்டைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எடுத்து வந்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் குழியருகே வரிசை நின்றது. டோடி நாடாக்களைச் சுருட்டிக்கொண்டே, "போங்க, காத்து கெட்டுக் கிடக்கு" என்று ஒவ்வொருவரையும் உள்ளே விட்டார்.

தலைவர் தகட்டின் அருகே தனியாக நின்றார். "இதெல்லாம் குறிப்புல வேண்டாம்," என்றார் என்னிடம்.

இன்னஸ் மீதிக் குழிகளை முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. மொத்தம் நூற்று ஒன்பது அடி. வழக்கத்தைவிட ஒன்று அதிகம். கடைசிக் குழியருகே செங்கா ஸ்கோர் அட்டையை முழங்காலில் வைத்து நிரப்பினாள்.

"ஏழாவதுல என்னடா போட்ட?"

"ஒண்ணு."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அடியில் குழியில் போட்டவன் அன்றைக்கு மதுக்கடையில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு விஸ்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். அதைக் குடித்தவன் பிறகு அந்த அடியை இல்லையென்று சொல்ல முடியாது. எட்டு வாரம் கழித்து அந்தக் கடன் தீர்ந்தது. துறைமுகத்தடி மதுக்கடையில் நிற்க இடமில்லை. இன்னஸ் ஒவ்வொரு கோப்பையாக நீட்டிக்கொண்டே வந்தான். அடுத்த கோப்பைக்குக் கை நீட்டி நின்றவர் கவுன்சிலர் ஸ்ட்ராக்கன்.

இலவச விஸ்கி என்றதும் கால் தானாக வந்திருக்கும். வந்த பிறகுதான் மூளைக்கு எட்டியிருக்க வேண்டும்.

"எதுக்குக் குடிக்கிறோம்னு சொல்லிட்டுக் குடிங்க கவுன்சிலர்," என்றாள் செங்கா.

தலைவர் கோப்பையைப் பார்த்தார். என் பக்கம் பார்த்தார். என் கையில் ஏடு இல்லை, இறைச்சி அடைத்த பிரைடி ரொட்டி ஒன்று இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரே அடியில குழியில போட்ட மெல்ட்ரமுக்கு."

ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. இன்னஸின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"நானும் நாப்பது வருஷமா ஆடுறேன். எனக்கு ஒண்ணுகூட விழுந்ததில்லை. எப்படி இருந்துது?"

எட்டு வாரத்தில், நாலு கூட்டத்தில், ஒரு விசாரணையில், யாரும் இன்னஸிடம் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை. அவன் காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டான்.

"உட்காருங்க சார்," என்றான். "காத்து அன்னைக்கு இடப்பக்கத்துலேருந்து அடிச்சுது..."